இழுபடாத குழாய்

கீரனூரில் எங்கள் பங்கின் பேண்டுக் குழுவிடம் அந்நாளில் இருந்தது ஒரே ஒரு டிரம்பெட். அதை ஊதியவன் பதினைந்து வயதுச் சிறுவன். திருவிழாப் பவனியில் மாதா பாடல் கீழ்ஸ்தாயி ‘ரே’க்கு இறங்கும்போதெல்லாம் அவனது சுரம் சுருதி ஏறியே ஒலிக்கும். கிளாரினெட் ஊதுவோர் முகம் சுளிப்பர். ‘இவனுக்குச் செவி இல்லை’ என்று நாங்கள் தீர்ப்பெழுதினோம். மறு ஆண்டு அவன் கையில் தாளம்தான் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

இராணுவ பேண்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பின்னர் எங்களுக்குப் பயிற்சியளிக்க வந்தார். டிரம்பெட்டைக் கையிலெடுத்ததும், “தம்பிகளா, இந்த மூன்றாம் குழாயை எப்போது இழுத்தீர்கள்?” என்றார். நாங்கள் விழித்தோம். அதிலுள்ள வளையம் கருவியைப் பிடிப்பதற்கென்றே எண்ணியிருந்தோம்.

அவர் கணக்கை விளக்கினார். வால்வை அழுத்தினால் காற்று ஒரு துணைக்குழாயையும் சுற்றி வரும்; குழல் நீள, சுரம் இறங்கும். டிரம்பெட்டின் நீளம் ஏறத்தாழ 148 செ.மீ. முதல் வால்வு 18 செ.மீ. சேர்த்து இரண்டு அரைச்சுரம் இறக்கும். மூன்றாவது, 28 செ.மீ. சேர்த்து மூன்று அரைச்சுரம் இறக்கும். ‘ரே’க்கு இரண்டையும் ஒருங்கே அழுத்துகிறோம்; கிடைப்பது 46 செ.மீ. ஆனால் ஐந்து அரைச்சுரம் இறங்க 49½ செ.மீ. வேண்டும். குழல் நீண்டபின் அடுத்த படிக்குத் தேவையான நீளமும் கூடிவிடுகிறதல்லவா? மூன்று வால்வுகளையும் அழுத்தினால் குறை ஆறு செ.மீ.யைத் தாண்டும். செய்பவர்கள் மூன்றாம் குழாயைச் சற்று நீட்டி வைத்தாலும் குறை முற்றும் தீராது. நீட்டிய அளவு, அதைத் தனியே அழுத்தும்போது பிழையாகும்.

எனவேதான் அந்த வளையம். இடக்கை மோதிரவிரலால் ஊதும்போதே குழாயைத் தள்ளிச் சுருதி சேர்க்கலாம். குழாய் இரு கால் கொண்ட வளைவாதலால் ஒன்றே முக்கால் செ.மீ. நகர்த்தினால் மூன்றரை செ.மீ. கிடைக்கும்.

எங்கள் குழாயோ எச்சில் உறைந்து, களிம்பேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூன்றாம் வால்வை அழுத்தியபடி துணி கட்டி இழுத்தோம். இரண்டாம் நாள் அது அசைந்தது. கிரீஸ் தடவி ஊதியபோது ‘ரே’ தன் இடத்தில் நின்றது.

பொங்கலுக்கு ஊர் வந்தவனிடம் அதைக் கொடுத்தோம். அவன் ஊதவில்லை. வளையத்தில் விரல் நுழைத்து, குழாயை இருமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, துணியில் சுற்றித் திருப்பித் தந்தான்.

இன்று புதிதாக ஊத வரும் பிள்ளையின் செவியைச் சோதிக்குமுன், நாங்கள் குழாயை இழுத்துப் பார்க்கிறோம்.