ஸ்பேனருக்கு இடம்

ஜூன் 9, திங்கள் – சரவணம்பட்டி
பல்லடம் பக்கம் எழும்பும் நூற்பாலை ஷெட்டின் மாடல்கள் இன்றுதான் ஒன்றுசேர்ந்தன: ஆர்க்கிடெக்டுடையது, ஹியுமிடிஃபிகேஷன்காரர்கள் அனுப்பிய ஐஎஃப்சி ஃபைல், டெக்லா சாஃப்ட்வேரில் நாங்கள் போட்ட ஸ்டீல். கிளாஷ் பட்டியல் பக்கம் பக்கமாக வந்தது. டக்ட்டின் இன்சுலேஷன் பர்லினை உரசுகிறது என்பது மாதிரிச் சில்லறைகள்தான் அதிகம். ஒன்று மட்டும் நிஜத் தலைவலி. சப்ளை டக்ட், தூணும் ராஃப்டரும் சேரும் ஹான்ச்சுக்குள்ளேயே புகுந்து போகிறது. மொமென்ட் உச்சத்தில் இருக்கும் இடம், அங்கே கை வைக்க விடமாட்டேன். ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். மில்காரர்கள் டக்ட்டை விடமாட்டார்கள். அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைக்க முடியுமா என்று மெயில் போட்டேன்.

ஜூன் 11, புதன் – பல்லடம் சைட்
மெஷின்களுக்கு அடியில் காற்று திரும்பும் ட்ரெஞ்ச்சுக்கு வழிவிட, ஒரு பெடஸ்டலைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். டோட்டல் ஸ்டேஷன் வைத்துப் பார்த்தால் ஆங்கர் போல்ட்டுகள் 60 மி.மீ. விலகி நிற்கின்றன. மாடலில் பழைய இடம். ஒரு போன் போதும், யாரும் செய்யவில்லை. ஆற்றாமையாக இருக்கிறது. பேஸ் பிளேட்டில் துளையை மட்டும் நகர்த்திவிட முடியாது. சுமை மையம் விலகும், டிசைனர் ஒப்ப வேண்டும். பிளேட் இன்னும் வெட்டவில்லை என்பது ஆறுதல்.

ஜூன் 13, வெள்ளி – யார்டு
மாதிரி ஜாயின்ட்டை ஃபிட்டர் அண்ணன் குனிந்து பார்த்தார். எம்20 போல்ட், 22 மி.மீ. துளை, பக்கத்திலேயே ஸ்டிஃப்னர்.
“போல்ட் போயிருமுங்க மேடம். ஸ்பேனர் எதுல போகுமுங்க?”
எதுவும் எதையும் தொடவில்லை என்றுதான் சாஃப்ட்வேர் சொல்லியிருந்தது. ஆறு மீட்டர் உயரத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு முறுக்குகிறவரின் கை எந்த ஃபைலிலும் இல்லை. போல்ட்டைச் சுற்றி வெற்றிடம் விடச்சொல்லும் செட்டிங் டெக்லாவில் உண்டு. அதை நிரப்பாமல் ஓட்டுவதே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் நிரப்பி மறுபடி ஓட்டினோம். ஹான்ச் ஜாயின்ட்டுகளில் ஸ்டிஃப்னர் நகர வேண்டும்.

ஜூன் 16, திங்கள்
அமெரிக்க வேலை. தூணின் வெப்பில் இருபுறமும் பீம்கள் ஒரே துளைகளைப் பகிர்ந்துகொண்டால், இரண்டாவதை மாட்டும்போது முதல் பீமைத் தாங்க நட்டு முறுக்கிய போல்ட் ஒன்றாவது நிற்க வேண்டும். இல்லையேல் அடியில் சீட் தர வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2001இல் வெளியிட்ட விதி இது. அந்த ஊர் டிராயிங்குகளில் இதைத் தவறாமல் பார்க்கிறோம். நம் மில்லின் பிளான்ட் ரூம் மெசனைனிலும் அதே மாதிரி நாலு ஜாயின்ட். நாலுக்கும் சீட் போடச் சொல்லிவிட்டேன். பல்லடத்தில் ஏறுகிறவரும் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும்.

ஜூன் 18, புதன்
டக்ட்டின் உயரம் குறைந்து வந்துவிட்டது. ஹான்ச்சுக்குக் கீழே போகிறது. ஆனி பிறந்தாயிற்று, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடத்தில் வீசத் தொடங்கிவிட்டது. இந்தியத் தர விதி ஐஎஸ் 875 கோவைக்குச் சொல்லும் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர்; அதை வைத்துப் போட்ட டிசைன், முழுக்கக் கட்டி முடித்த கட்டடத்துக்கானது. பாதியில் நிற்கும் ஃபிரேமுக்குப் பிரேசிங்தான் துணை. அதனால் பிரேசிங் பேயின் தூண், ராஃப்டர், ஸ்ட்ரட், ராடு எல்லாம் முதல் லாரியில் ஏற வேண்டும் என்று மாடலில் வரிசை மாற்றி யார்டுக்கு அனுப்பினேன். கேபிள் (முனைச் சுவர்) பக்கத்து ஸ்டீலை அடுத்த வாரம் வெட்டினால் போதும்.