மலை வண்டிக்குப் பம்பர்

எங்கள் பிக்அப்பின் பின் பம்பர் கல்வராயன் மலையில் போனது. வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, ஓர் ஓடையில் இறங்கி மேடேறும்போது பின்புறம் தரையில் இடித்து இழுபட்டது. இறங்கிப் பார்த்தால் இடப்பக்க பிராக்கெட் பிய்ந்து தொங்குகிறது. போல்ட் ஓட்டைகள் வாய் பிளந்து கிழிந்திருந்தன. கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் இறங்கி, கிழங்கைச் சின்னசேலம் சேகோ ஆலையில் கொட்டிவிட்டு எலவனாசூர்கோட்டை வந்து சேர இரவாகிவிட்டது. முன் பம்பரும் ஏற்கெனவே விரிசல் விட்டதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று மறுநாள் பட்டறையில் வண்டியை விட்டேன்.

மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, முன்னாடி ரெண்டு இஞ்ச் பைப்புல கார்டு போட்டுடுவோம். மாடு குறுக்க வந்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது” என்றார்.

“மாட்டுக்கு?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மோதலின் வேகம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கம்பெனி பம்பர் நசுங்கி அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். சேசிஸோடு பிணைத்த பைப் நசுங்காது. அடி முழுவதும் எதிரில் இருப்பவர் மேலும் சேசிஸிலும் இறங்கும். ஆள் மீது பட்டால் தொடையில், இடுப்பில்; பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் தலையிலேயே. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடிக் கடப்பதைத் தினம் பார்க்கிறவன் நான். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. எஃப்.சி.க்குக் கழற்றிவிட்டு மறுநாளே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. முன்னால் கம்பெனி பம்பரே போதும் என்று சொல்லிவிட்டேன்.

பின்பக்கம்தான் பெரும்பாடாகிவிட்டது. தூக்கி வைத்தால் இடிக்காது என்றார் மேஸ்திரி. உண்மைதான். ஆனால் இருட்டில் ஓரம் கட்டி நிற்கும் லோடு வண்டியின் பின்னால் பைக்கில் வருகிறவரைத் தடுக்க அந்த ஒரு கம்பிதான் இருக்கிறது. அது உயரத்தில் இருந்தால் பைக் அடியில் நுழைந்துவிடும். பாடியின் விளிம்பு நேராக நெஞ்சில் வந்து இடிக்கும்.

காலி வண்டியை அளந்து பயனில்லை என்பதால் மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். ஸ்பிரிங் பிளேட்டுகள் படிந்து பின்புறம் நாலு விரற்கடை இறங்கியது. டேப்பைப் பிடித்தபடி குனிந்திருந்தபோதுதான் பாடியின் கடைசி ஒரு அடி கண்ணில் பட்டது. கூடுதல் மூட்டைக்காக முன்பு நானே நீட்டச் சொன்ன தளம் அது. பின்சக்கரத்தைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வால் தரையைத் தொடும்.

“அந்த ஒரு அடிய வெட்டிடுங்க” என்றேன்.

“நாலு மூட்டை போயிடுமே!”

“போவட்டும்.”

கட்டர் அறுக்க அறுக்கப் பொறி பறந்தது. தளத்தின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த மலைச் செம்மண் பாளம் பாளமாக உதிர்ந்தது. பம்பர் ஒரு அடி உள்ளே வந்ததால் தாழ்வாகவே வைக்க முடிந்தது. வெல்டிங்கைத் தவிர்த்து போல்ட் போட்டு முடுக்கினோம். அடிபட்டால் கழற்றி மாற்றலாம். குறுக்கே சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டினோம்.

அடுத்த நடைக்கு அதே காடு, அதே ஓடை. முதல் கியரில் மேடேறும்போது ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்தேன். கம்பி ஒரு கூழாங்கல்லை மட்டும் உரசியது. வண்டி மேலே ஏறிவிட்டது.