தஞ்சைச் சாலையில் ஓர் ஐயர்

திருச்சிக்கு வெளியே, மலைக்கோவில் நிறுத்தத்தில் இறங்கினால் எறும்பீசர் குன்று கூப்பிடு தூரம். அறுபதடி உயரம்தான். மேலே சோழர் காலக் கற்றளி. அப்பர் பாடிய தலம். எறும்பு வடிவில் வந்த தேவர்கள் வழுக்காமல் ஏறட்டும் என்று ஈசன் புற்றாகித் தலை சாய்த்துக் கொடுத்தான் என்கிறது தலபுராணம். லிங்கத் திருமேனி இன்றும் சாய்ந்தே இருக்கிறது. வெளியே வந்து மேற்கே பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அந்தப் பார்வைக்காகவே கர்நாடகப் போர்களின்போது படைகள் இந்தக் குன்றில் முகாம் போட்டன, கோயிலே பாசறையானது.

அந்தப் போர்களின் சூடு ஆறாத 1762இல் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடந்தே வந்த ஒரு ஜெர்மானிய மிஷனரியைத் தேடித்தான் நான் வந்திருந்தேன். கிறிஸ்டியான் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ். நம் ஊர்ச் சபைகளில் ஸ்வார்ட்ஸ் ஐயர். தஞ்சைச் சாலை குன்றை ஒட்டித்தான் போகிறது. அவர் இதை அண்ணாந்து பார்க்காமல் கடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவரைப் பற்றிப் பேசினாலே ஹைதர் அலியிடம் தூது போனதையும், இளம் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்ததையும்தான் சொல்வார்கள். என்னை ஈர்ப்பது அதற்கெல்லாம் முந்தைய ஆள். 1750இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியபோது வயது இருபத்துமூன்று. ஹாலே நகரில் தமிழ் வேதாகம அச்சு வேலைக்காகக் கொஞ்சம் தமிழ் படித்திருந்தார். ஏட்டுத் தமிழ் தெருவில் எவ்வளவு தூரம் போகும்? பள்ளிக்கூடத்தின் பொடிப் பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். அவர்களோடு சேர்ந்து தானும் திக்கித் திக்கிப் பேசப் பழகினார். வந்த நாலாம் மாதமே, அவருக்கு முன்னோடி மிஷனரியான சீகன்பால்கு கட்டிய ஆலயத்தில் தமிழில் பிரசங்கம். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்த ஊர் மக்கள் எதை நம்புகிறார்கள் என்று அறிய, ஆண்டுக்கணக்கில் தமிழ் நூல்களையும் புராணங்களையும் வாசித்தார். மறுத்துப் பேச வந்தவர்தான், ஆனால் முதலில் கேட்டுக்கொண்டார். இந்தப் பொறுமை பெரிய குணம்.

குன்றிலிருந்து இறங்கி, துவாக்குடியிலிருந்து சத்திரம் போகும் பேருந்தில் ஏறினேன். காட்டூர், அரியமங்கலம், பால்பண்ணை, காந்தி மார்க்கெட். பெல் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வந்தவர்கள் நின்றபடியே கண்ணயர்ந்தார்கள். தெப்பக்குளம் பக்கம் இறங்கி கிறிஸ்து நாதர் ஆலயத்துக்கு நடந்தேன். கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் பட்டாளம் பணம் போட, ஸ்வார்ட்ஸ் முன்னின்று எழுப்பி 1766இல் பிரதிஷ்டை செய்த ஆலயம். கடைத்தெருவின் இரைச்சல் சுவரைத் தாண்டி வருகிறது, ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் வெயில் மறந்துபோனது.

திருச்சியில் அவர் வாழ்ந்த விதத்தை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடத்தில் ஓர் அறை: கட்டிலும் ஆளும் கொள்ளும் அளவு, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். நம் ஊர்ப் பக்குவத்தில் சமைத்த சோறும் காய்கறியும். கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி உடுப்பு. ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம் செய்து, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்து அனுப்புவார். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று சொல்வார்கள். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1763இல் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பட்டாளத்தாரின் பிள்ளைகள் பலர் அநாதையானபோது அவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். பின்னால் சென்னை அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் ஒரு பங்கு சபைக்கும் பள்ளிக்கும் போனது. அது பட்டாளத்துக்குக் குருவாக இருந்ததற்கான சம்பளம். நாட்டைப் பிடிக்க வந்த படையின் பணம் அந்த ஆலயச் சுவர்களில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1780களின் தஞ்சைப் பஞ்சத்தில், சர்க்காரின் பேச்சை நம்பாத குடியானவர்கள் இவர் வாய்ச்சொல்லை நம்பித் தானியம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பணத்தை ஒழுங்காகக் கையில் கொடுப்பார் என்று தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையைப் பட்டாளம் வாங்கித்தர முடியாது.

ஆலயத்தில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், "எங்கேருந்து தம்பி வர்றீங்க?" என்றார். சொன்னேன். அவர் பேரன் ஒடிசாவில் மலைக்கிராமம் ஒன்றில் ஊழியம் செய்கிறானாம்.

"பாஷை இன்னும் சரியா வரலைங்கிறான். போன் போட்டா அவங்கம்மா கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், சாப்பிட்டியாடான்னு."

"என்ன சாப்பிடுறானாம்?"

"அந்த ஊர்க்காரங்க என்ன சாப்பிடுறாங்களோ அதான். பழைய சோறு அங்கேயும் உண்டாம். அதைச் சொன்னதுக்கப்புறம்தான் என் மருமக அழுகையை நிறுத்துச்சு."