இரண்டாவது மதிப்பெண்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை நான் நீதிபதியாக இருந்தேன். நீதிமன்றம், கோவில்பதாகை ஏரிக்கு அருகிலுள்ள ஒரு வெட்டவெளி. பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கான டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிக்கு எங்கள் பகுதியிலிருந்து ஓர் அணி செல்ல வேண்டும். வந்தவர்கள் முப்பது பேர். தேவையோ பதினான்கு பேர். கல்லூரியில் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியால் தேர்வுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நானும் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு அமர்ந்தேன். ஒவ்வொருவனுக்கும் ஐந்து தரைப் பந்துகள், ஐந்து கேட்சுகள், தொலைவிலிருந்து ஸ்டம்பை நோக்கி ஐந்து எறிகள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். என்னே என் கண்டிப்பு! பதின்மூன்று வயதிருக்கும் ஒரு சிறுவன், காலில் செருப்புகூட இல்லை, தரைப் பந்துகளில் ஒன்றையும் விடவில்லை. ஆனால் அவன் எறிந்த பந்து மூன்று முறை தரையில் குதித்துத்தான் ஸ்டம்பை அடைந்தது. பத்துக்கு மூன்று போட்டேன். பெயர் பட்டியலில் வரவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. பந்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

கல்லூரி திறந்ததும் இந்தப் பெருமையை நம் உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் என்று ஓர் இடம் உண்டு, தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. அவர் சொல்லித்தான் பிறகு தேடிப் படித்தேன்.

இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவரே ஷார்ட்ஸ்டாப். பந்தடிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கையர்கள் ஆதலால் தரைப் பந்துகள் அவர் பக்கமே மிகுதியாக வரும். பாய்ந்து எடுத்து, நிமிர்வதற்குள் முதல் தளத்துக்கு எறிய வேண்டும். அமெரிக்கப் பெரிய குழுக்கள் இளைஞர்களைச் சிறிய குழுக்களில் ஆடவிட்டு வளர்க்கின்றன. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவில் பிராஞ்ச் ரிக்கி என்பவர் நிலைபெறச் செய்த முறை இது. அவர்கள் அதைப் பண்ணை என்கிறார்கள். நாம் நாற்றங்கால் என்று சொல்லலாம்.

அந்த நாற்றங்காலுக்கு ஆள் தேடுவோர் அடித்தல், அடியின் வலிமை, ஓட்டம், எறிதல், தடுத்தல் என ஐந்து திறன்களைப் பார்க்கிறார்கள். 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் பெரிய குழுக்களின் சராசரி. என்னைச் சிந்திக்க வைத்தது அதுவன்று. ஒவ்வொரு திறனுக்கும் அவர்கள் இரண்டு மதிப்பெண் எழுதுகிறார்கள்: ஒன்று, இன்று இருப்பது, மற்றொன்று, நாளை ஆகக்கூடியது. என் நோட்டில் முதலாவது மட்டுமே இருந்தது!

அப்படி எழுதுகிறவர்களும் தவறுகிறார்கள். பனாமா நாட்டு மீனவர் மகன் மரியானோ ரிவேரா, அட்டையால் கையுறை செய்து ஆடிய சிறுவன். அவனை முதலில் ஷார்ட்ஸ்டாப்பாகப் பார்த்த தேர்வாளர், தேறமாட்டான் என்று விட்டுவிட்டார். பின்னர் அவனே பந்து வீசுவதைப் பார்த்து, 1990-இல் நியூயார்க் யாங்கீஸ் குழுவில் சேர்த்தார். ஆட்டத்தின் இறுதியில் வந்து வெற்றியைக் காப்பதில் 652 என்ற சாதனையோடு ரிவேரா 2013-இல் ஓய்வு பெற்றார். 2019-இல் வாக்களித்த அனைவரும் ஒருமனதாக அவரைப் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தனர். அதற்கு முன் எவருக்கும் கிட்டாத சிறப்பு அது. அவ்வளவு தூரம் போவானேன்? 1987-இல் நம் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு வந்த சச்சின் டெண்டுல்கரை, மட்டை பிடிப்பதில் கவனம் செலுத்து என்று திருப்பி அனுப்பினார் டென்னிஸ் லில்லி. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்தோடு நில்லாமல், அடுத்து 'தெரிந்து வினையாடல்' என்று ஏன் வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆளைத் தெரிவது பாதி. அவனுக்குரிய வேலையைத் தெரிவது மீதி.

அன்றிரவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் தேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பதினான்கு வயதைத் தாண்டியவர்கள், உயரமானவர்கள். வளர்ச்சியைத் திறமை என்று எண்ணிவிட்டேன். அந்தச் சிறுவனின் கால்கள் பந்துக்கு முன்பே போய் நின்றன. கை மட்டும் இன்னும் வளரவில்லை. கால்களின் அந்த அறிவை யார் கற்றுத்தர முடியும்?

மறுநாள் அவன் வீடு தேடிப் போனேன். தெருக் குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஆட வாடா தம்பி."

"வேணாண்ணா."

"ஏன்டா?"

"உங்க நோட்டுல என் பேரே இல்லையேண்ணா. 'குட்டைப் பையன்'னுதானே எழுதியிருந்தீங்க."

நான் வாயடைத்து நின்றேன். பந்தை என் கையில் கொடுக்கும்போது பார்த்திருக்கிறான். மூன்று மதிப்பெண் அவனை வருத்தவில்லை. பெயரைக்கூடக் கேட்காமல் மூன்று போட்டதுதான் வருத்தியிருக்கிறது. "தப்புதான்டா" என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டு ஞாயிறு கழித்து வந்தான். அந்தப் போட்டி அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அவன் இழந்த இடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. இன்றும் அவன் எறிதல் நீளவில்லை. ஆகவே தொலைவில் நிறுத்தாமல் பாயிண்டில் நிறுத்துகிறோம். அந்தப் பக்கம் பந்து தாண்டுவது அரிது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாவோம், அதிகாரிகளாவோம். யாரையேனும் தேரும் நாற்காலி நமக்கும் கிடைக்கும். அன்று கோடு போடும்போது இரண்டாவது மதிப்பெண்ணுக்கும் இடம் விடுவோம். அதற்கு முன், பெயரை எழுதுவோம்.