சரிதான் சார்...

கேஸ் ஜெயித்தவர்களைப் பற்றி நிறைய படித்திருப்பீர்கள். சினிமாவிலும் கடைசி அரை மணி நேரத்தில் நியாயம் ஜெயித்துவிடும். ஆனால் தோற்றவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வார்? அதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. இது அப்படித் தோற்ற ஒருவரின் கதை. அதுவும் வக்கீல் வைக்காமல், தன் கேஸைத் தானே நடத்தித் தோற்றவர்.

வீடு திருமுல்லைவாயில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், லேத் மெஷினில். (கம்பெனி பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம்.) 1960-களில் ஆரம்பித்த அந்த எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் இப்படிப்பட்ட சின்ன யூனிட்டுகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை. பே ஸ்லிப் இல்லை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. மாதம் பிறந்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து, கவரில் பணம். ரிஜிஸ்டர் முதலாளியின் பீரோவில்.

2016-ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "திங்கட்கிழமையிலேர்ந்து வர வேணாம்ப்பா" என்றார். அவ்வளவுதான். ஏழு வருடம் ஒரு வரியில் முடிந்தது.

பி.காம். மாணவர்கள் இண்டஸ்ட்ரியல் லா பேப்பரில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்யும் ஒரு எண் உண்டு... 240 நாட்கள். வேலையை விட்டு நிறுத்துவதற்கு முந்தைய 12 மாதங்களில் ஒரு தொழிலாளி 240 நாட்கள் வேலை செய்திருந்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். கூடவே முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடாகத் தரவேண்டும். 1947-ஆம் வருடத்து தொழில் தகராறுகள் சட்டம் அப்படித்தான் சொன்னது. (2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. இவர் கேஸ் நடந்தது பழைய சட்டத்தில்.) பரீட்சையில் இரண்டு மார்க். இவருக்கு அதுதான் வாழ்க்கை.

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுத்தார். கம்பெனி பதில் எழுதியது: "இவர் எங்கள் தொழிலாளியே இல்லை. தேவைப்படும்போது எப்போதாவது வந்துபோனவர்." சமரசம் முறிந்தது. 2017-ல் லேபர் கோர்ட்டுக்குப் போனார்.

வக்கீல்? டீக்கடையில் யாரோ சொன்னார்கள், "லேபர் கோர்ட்டுல வக்கீலே தேவையில்ல, நீயே பேசலாம்" என்று. அது பொய்யும் இல்லை. எதிர்த்தரப்பு சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால்தான் அங்கே வக்கீல் வரலாம் என்றது அந்தச் சட்டம். ஏழைத் தொழிலாளி பெரிய வக்கீலிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் கம்பெனிக்காக ஆஜராகலாம். அந்த நிர்வாகி சட்டம் படித்தவராகவே இருந்தாலும் தடையில்லை என்று 1976-லேயே பாரதீப் துறைமுக வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இவர் கேஸிலும் எதிரே வந்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். இந்தப் பக்கம் பத்தாவது படித்த லேத் ஆபரேட்டர்.

வாய்தாவுக்கு வாய்தா அம்பத்தூரில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனைக்கு நடப்பார். அன்றைய கூலி போய்விடும். நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடிக்கிடந்தது. கையில் இருந்த ஆதாரம், ஆயுத பூஜை அன்று மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த மூன்று போட்டோக்கள் மட்டும்.

குறுக்கு விசாரணை நடந்தது. சாட்சிக் கூண்டில் நின்றவர்களுக்கு அந்தப் பாஷை தெரியும்.

"240 நாட்கள் வேலை செய்ததற்கு உங்களிடம் எந்த ஆவணமும் இல்லை என்று சொன்னால் சரிதானே?"

"சரிதான் சார்... அதெல்லாம் கம்பெனிகிட்டதானே இருக்கு."

முதல் வார்த்தை அப்படியே பதிவானது. இரண்டாவது வாக்கியத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

2022-ல் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. கேஸ் நடந்தவரை அவருக்கு ஒரு அடுத்த தேதி இருந்தது. இப்போது தேதியே இல்லை. எஸ்டேட் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கூண்டில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு ராத்திரியும் கேஸில் ஜெயிப்பார். விடிந்தால் தோற்றிருப்பார். ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "என்னப்பா, கேஸ் என்னாச்சு?" என்று கேட்க, பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார்.

அவர் மனைவியிடம் ஒரே ஒரு தடவை மனசு விட்டுச் சொன்னது இதுதான்: "ஏழு வருஷம் வேலை பாத்தேன்னு சொன்னேன். நான் பொய் சொல்றேன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு."

பணம் போனதை விட இதுதான் அரித்தது.

அந்த அம்மா ஒரு நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருப் பெரியவரிடம் போனார். பெரம்பூர் பி அண்ட் சி மில்லில், 1996-ல் அது மூடும்வரை வேலை பார்த்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தீர்ப்பைப் படித்தார். பிறகு இவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, இதுல எங்கயாவது 'பொய்'னு ஒரு வார்த்தை இருக்கா? காட்டு பாப்போம்."

தேடினார். இல்லை. 'நிரூபிக்கத் தவறிவிட்டார்' என்றுதான் இருந்தது. மூன்று இடத்தில்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்கய்யா?"

"ஒண்ணு இல்ல தம்பி. நீ வேலை செய்யலைன்னு அவர் சொல்லல. நீ செஞ்சது அவர் மேஜைக்கு வந்து சேரலைன்னு சொல்றார்."

அக்கவுண்டன்சி படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வவுச்சர் இல்லாவிட்டால் ஆடிட்டர் செலவை ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் அந்தச் செலவே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? பணம் போனது போனதுதான்.

சட்டத்திலும் இது இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. 240 நாட்களை நிரூபிக்கும் பாரம் தொழிலாளி மேல்தான், வெறும் அஃபிடவிட் போதாது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கர்நாடக வனத்துறை சம்பந்தப்பட்ட வழக்கு அது. 2005 நவம்பரில், அதே மாநிலத்துத் தினக்கூலி ஒருவரின் வழக்கில், அதே கோர்ட் அதற்கு ஒரு வழியும் காட்டியது. தினக்கூலிக்காரர் கையில் ஆர்டரோ ரசீதோ இருக்காது. அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம். அதோடு மஸ்டர் ரோல், சம்பள ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி முதலாளியைக் கேட்கலாம். பாரம் தொழிலாளி மேல்தான் இருக்கும், ஆனால் அதை இறக்கி வைக்க ஒரு இடம் உண்டு என்று அர்த்தம்.

இவர் செய்யாமல் விட்டது அந்த ஒரு மனுதான். 'ரிஜிஸ்டரைத் தாக்கல் செய்ய உத்தரவிடுங்கள்' என்று ஒரு பக்கம். "கம்பெனிகிட்டதானே இருக்கு" என்று வாயால் சொன்னதைப் பேப்பரில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் நிச்சயம் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கம்பெனி பக்கம் திரும்பியிருக்கும்.

பெரியவர் ஒரு பழைய கதையும் சொன்னார். 1918 ஏப்ரல் 27-ல் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது. பி அண்ட் சி மில் தொழிலாளிகளின் சங்கம். திரு.வி.க.வும் அதில் முன்னின்றவர். 1920-ல் மில்லை நடத்திய பின்னி கம்பெனி வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டது. தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட் தடை விதித்தது. சங்கம் நடத்துவதே வழக்குக்கு உரிய குற்றம் போல ஆனது. அந்த அதிர்ச்சியில்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் மத்திய சட்டசபை வரை போய், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

"அப்போ எனக்கும் ஒரு சட்டம் வருங்களாய்யா?" என்று இவர் கேட்டார். பல மாதம் கழித்து அவர் அடித்த முதல் ஜோக் அது.

"வராது. அன்னிக்குத் தோத்தவங்களுக்கும் அந்த ஆறு வருஷத்தை யாரும் திருப்பிக் குடுக்கல. தோத்தவன் பொய்யன் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுக்க."

பெரியவர் சொல்லித்தான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனார். அங்கேதான் இன்னொரு அடி. 1987-ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், இலவச வக்கீல் பெறும் உரிமை உள்ளவர்கள் பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்றே தனியாக இருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பது முதல் ஆலோசனை வரை காசில்லாமல் கிடைத்திருக்கும். மாநில ஆணையத்தின் அலுவலகமே ஹைகோர்ட் வளாகத்தில்தான். ஐந்து வருடமாக அந்தப் பக்கம் நடந்து போனவர்! (15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அங்கிருந்த வக்கீல் அம்மா நேர்மையாகப் பேசினார். லேபர் கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, ஹைகோர்ட்டில் ரிட் போடலாம், ஆனால் ஹைகோர்ட் சாட்சியங்களை முதலிலிருந்து அலசாது, தீர்ப்பில் வெளிப்படையான தவறு இருந்தால்தான் தலையிடும் என்றார். "போடணும்னா நான் எழுதித் தர்றேன். யோசிச்சுச் சொல்லுங்க."

ஒரு வாரம் யோசித்தார். போட வேண்டாம் என்று முடிவு செய்தார். பயந்து அல்ல. கோர்ட்டு தன்னைப் பொய்யன் என்று சொல்லியிருந்தால் கடன் வாங்கியாவது போயிருப்பேன், சொல்லவில்லையே என்றார். மனைவிக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. "ஏழு வருஷக் காசுங்க அது" என்று இன்றைக்கும் சொல்வார். அதுவும் நியாயம்தான்.

இப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. சேரும் அன்றே ஆர்டரும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் கேட்டார். ஓனர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கொடுத்தார். (2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டங்களின்படி அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுப்பது கட்டாயம். கேட்காமல் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது வேறு கதை.) சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். தினமும் வந்த நேரம், போன நேரம், ஓட்டிய மெஷின்... தவறாமல் எழுதுகிறார்.

ராத்திரி இரண்டு மணி விழிப்பு முழுசாகப் போய்விடவில்லை. எப்போதாவது வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் பதிலை ஒத்திகை பார்ப்பதில்லையாம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒர்க் ஷாப்பில் ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இவர் சொன்னது இரண்டே விஷயம். "முதல்ல சட்ட உதவி மையத்துக்குப் போ. அப்புறம், கூண்டுல நிக்கும்போது எந்தக் கேள்விக்கும் 'சரிதான் சார்'னு ஆரம்பிக்காத. முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லு."

பையன் தலையாட்டிவிட்டு, "சரிதாண்ணே" என்றான்.