சரி செய்யப்பட்டது

செயப்பாட்டுவினை தமிழ்ப் பேச்சில் அதிகம் வழங்குவதில்லை. அரசாணைகளிலும் அலுவலகப் பதிவேடுகளிலும்தான் அது செழித்து வளர்கிறது. வகுப்பில் அதை நடத்தும்போது, செய்தவரை மறைக்க விரும்புகிறவர்களுக்கு உகந்த வினை என்று வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம். ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவையே அது முடக்கி வைக்கக்கூடும் என்பதை 2016 பொங்கல் விடுமுறையில்தான் கண்டேன்.

அக்காவின் கணவர் கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் அப்போது பராமரிப்புப் பொறுப்பில் இருந்தார். இயந்திரங்கள் அடிக்கடி நிற்கின்றன, ஆறு மாதத்தில் நிலைமை சீராகாவிட்டால் பிரிவையே ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவோம் என்று நிர்வாகம் அவரிடம் சொல்லியிருந்தது. பதினான்கு ஃபிட்டர்களின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தது. ஒரு சாக்குப்பை நிறையப் பழுதுப் பதிவேடுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "மாப்ளே, இதைப் படிச்சுட்டு நறுக்குனு ஒரு அறிக்கை எழுதிக் குடு. எனக்கு ஸ்பேனர் புடிக்கத்தான் தெரியும்" என்றார்.

படித்தேன். 'கார்டிங் 4, சத்தம், சரி செய்யப்பட்டது.' 'ரிங் ஃபிரேம் 11, பேரிங் பழுது, சரி செய்யப்பட்டது.' பக்கம் பக்கமாக இதே வாய்பாடு. வினை என்பது ஆறு செய்திகளைத் தரவல்லது என்கிறது நன்னூல்: செய்தவர், அவர் கையாண்ட கருவி, இடம், செயல், காலம், செயப்பட்ட பொருள். ஆலைப் பதிவேட்டின் இந்த வினையோ செய்தவரையும் கருவியையும் விழுங்கிவிட்டு, வேலை முடிந்தது என்ற ஒன்றை மட்டும் நம்மிடம் நீட்டுகிறது. ஏன் பழுதானது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே. சுவடிகளை ஒப்பிடுவதைப்போல ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித் தாள் போட்டுக் குறிப்புகளைப் பிரித்து எழுதினேன். பதினோராம் எண் ரிங் ஃபிரேமில் மோட்டார்ப் பக்கத்துப் பேரிங் ஏழு மாதத்தில் நான்கு முறை மாற்றப்பட்டிருந்தது. நான்கும் நான்கு கையெழுத்து. ஷிப்டுக்கு ஒரு பக்கம் என்று எழுதியதால், ஒருவர் மாற்றியது மற்றவர் கண்ணில் படவில்லை. நால்வருக்கும் அது முதல் பழுதுதான்.

இன்னொரு குறிப்பும் இருந்தது. 'கார்டிங் 7, அடைப்பு, சரி செய்யப்பட்டது, 25 நிமிடம்.' அந்தத் தேதியைப் பார்த்ததும் மாமா சற்று நேரம் பேசவில்லை. கார்டிங் இயந்திரத்தின் பெரிய உருளை கனமானது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடம் சுழன்றுகொண்டே இருக்கும். அது நிற்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. அன்றிரவு திறந்துவிட்டார்கள். உதவியாள் பையன் ஒருவனுக்கு இரண்டு விரல் நுனிகள் போயின. பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மாத அறிக்கையில் 25 நிமிடம் என்பது நல்ல கணக்காகவே சேர்ந்திருக்கிறது.

பராமரிப்பின் திறனை அளக்க இரண்டு சராசரிகளைச் சொல்கிறார்கள். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே இயந்திரம் எவ்வளவு காலம் ஓடுகிறது என்பது ஒன்று. பழுதானதை எவ்வளவு விரைவில் ஓடவைக்கிறோம் என்பது மற்றொன்று. அந்த ஆலையில் இரண்டாவதை மட்டுமே கணக்கிட்டார்கள். ஓடிப்போய்ப் பழுது நீக்குகிறவரை மேலாளர் நேரில் பார்க்கிறார். பழுதே வராமல் பார்த்துக்கொள்பவர் சும்மா நிற்பவராகத் தெரிகிறார்.

நிர்வாகம் அழைத்துவந்த ஆலோசகர் வேறு வழி சொன்னார்: எல்லா இயந்திரங்களையும் மாதந்தோறும் முழுமையாகப் பிரித்துப் பூட்ட வேண்டும். கேட்பதற்குப் பொறுப்பான யோசனை. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போதே இதற்கு மாறான ஓர் அனுபவம் கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் இருந்த ஆய்வுக்குழு, 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடக்கும் சோதனையை ஆராய்ந்தது. சோதனை முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் கூடின; நாள் செல்லச்செல்லக் குறைந்தன. நன்றாக ஓடுவதைப் பிரித்துப் பூட்டியதே பழுதைக் கொண்டுவந்தது. அதைச் சொல்லும் வாடிங்டனின் நூல் 1973-இல்தான் வெளிவந்தது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் தந்த அறிக்கை இன்னும் கறாரானது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் வயதாக ஆகப் பழுதாகும் இயல்பு கொண்டவை 11 விழுக்காடுதான். டிசி-8 விமானத்தில் 339 உறுப்புகளைக் காலக்கெடு வைத்துப் பிரித்துச் சீரமைத்தார்கள். டிசி-10 வந்தபோது அந்தப் பட்டியல் ஏழாகச் சுருங்கியது.

நூற்பாலை விமானம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ரிங் ஃபிரேமின் டிராவலரும் உருளைமேல் உள்ள ரப்பர் உறையும் உழைத்துத் தேய்பவை. அவற்றைக் கெடு வைத்துத்தான் மாற்றவேண்டும். எது தேய்ந்து போவது, எது நம் கைபட்டுக் கெடுவது என்று பிரித்தறிய, முன்பு நடந்தது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அறிக்கைக்குப் பதிலாக ஒரு புதிய பதிவேட்டை வகுத்துக் கொடுத்தேன். ஷிப்டுக்கு அல்ல, இயந்திரத்துக்கு ஒரு நோட்டு. நன்னூலின் ஆறும் ஆறு கட்டங்கள், ஏழாவது, காரணம். எட்டாவதாக, இயந்திரத்தருகே நிற்கும் சைடர் பெண்கள் சொன்னது. சத்தம் மாறுவது அவர்கள் காதில்தான் முதலில் விழுகிறது. ஆனால் அவர்களை யாரும் கேட்டதில்லை.

எதிர்ப்பு ஃபிட்டர்களிடமிருந்தே வந்தது. "பேரை எழுதுனா பழி நம்ம தலைமேலதானுங்க விழும்" என்றார் அவர்களில் மூத்தவர். முப்பது ஆண்டு அனுபவத்தின் சொல் அது. அவர்களுக்குச் செயப்பாட்டுவினை ஒரு குடை. அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு மழையில் நிறுத்துவது நியாயமாகாது. பதிவேட்டில் எழுதியதைக் காட்டி யாருடைய கூலியையும் பிடிக்கமாட்டோம், யாரையும் நிறுத்தமாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க மாமாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் அவர் செய்த பெரிய வேலை அதுதான் என்பேன்.

அப்படியும் மூன்று வாரங்கள் முதல் கட்டம் வெற்றாகவே கிடந்தது. பிறகு பதினோராம் எண் ஃபிரேமில் ஐந்தாவது முறையாகப் பேரிங் போனது. அந்த மூத்தவர் கோணல்மாணலான எழுத்தில் தன் பெயரைப் போட்டு, காரணத்தின் கட்டத்தில் எழுதியிருந்தார்: 'பெல்ட் தொய்வாக இருக்கிறது என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக இறுக்கினேன். அந்த இழுப்பில் பேரிங் போகிறது. கப்பி நேராக இல்லை, அதைப் பார்க்கவேண்டும்.'

கப்பியை நேராக்கினார்கள். ஒப்பந்தப் பேச்சு அந்த ஆண்டு நின்றது. மறு ஆண்டு மின்பிரிவை மட்டும் வெளியே விட்டார்கள். ஃபிட்டர்கள் பதினான்கு பேரும் இருந்தார்கள்.