ஏரியும் ஆலைச் சங்கும்

டெல்லிக் கலைஞர் ரவி அகர்வால் 2013 முதல் 2015 வரை புதுச்சேரிக் கடற்கரை மீனவரோடு பழகி உருவாக்கிய ஒளிப்படங்களும் வீடியோக்களும், சங்கப் புலவர் மனத்தில் கண்ட நெய்தலையும் இன்றைய கரையையும் ஒருசேர எண்ணிப் பார்க்கச் செய்பவை. கற்பனை நிலம் அழகென்றும் கண்ணெதிர் நிலம் அழிவென்றும் பிரித்துக் காட்டுவது எவர்க்கும் எளிது. இரண்டும் ஒரே மனிதனின் ஜீவனத்தில் பிணைந்து கிடப்பதைக் காண்பதே அரிது என்னும் எண்ணம், பல்லாண்டு அந்நிய தேச வாசத்திற்குப் பின் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிய என்னை விடாமல் தொடர்ந்தது.

குளிர்தேசத்து இரவுகளில் நானும் ஒரு நிலத்தைப் புனைந்து வைத்திருந்தேன்: தளும்பும் ஏரி, கரையோரப் பனைகள், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் பாட்டியோடு நடந்த மண்பாதை. அங்கே நந்தி, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டதாகத் தலபுராணம் கூறும் வண்ணம், சுவாமிக்கு முதுகு காட்டி வெளியே நோக்கி அமர்ந்திருக்கிறது. அதுவும் வெள்ளெருக்கந் தூண்களும் அப்படியே இருக்கின்றன, பாதையைத்தான் காணோம்.

ஏரி எந்தப் பக்கம் என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ஏரியா சார்? அந்த அபார்ட்மென்ட் மாடில ஏறிப் பாத்தா சூப்பரா தெரியும், கீழேருந்து ஒண்ணும் தெரியாது" என்றார். ஒருவாறு கரையேறிப் பார்த்தால், ஆகாயத்தாமரை அடர்ந்து, அதன் தண்டுகளுக்கிடையே பால் பாக்கெட்டுகளும் ஒற்றைச் செருப்பும் சிக்கிக் கிடந்தன. அடுக்ககத்தின் விளம்பரப் பலகையிலோ நீலநீரும் இரண்டு அன்னங்களும்! அன்னத்தை இவ்வேரியில் என் தாத்தாவும் கண்டதில்லை.

ஆயினும் வீடு விற்பவரை மட்டும் நகைப்பது நியாயமன்று. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இலேயே இங்கு வந்துவிட்டது. தொழிற்பேட்டை 1964-இல் எழுந்தது. மறு ஆண்டு ஆவடியில் விஜயந்தா டாங்கி உருண்டது. எங்கள் வீட்டு அடுப்பெரிந்ததே லேத் பட்டறைக் கூலியில். அப்பாவின் காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறையும், பாக்கெட் மடிப்பில் சுருள் சுருளான இரும்புச் சீவலும் எப்போதும் இருக்கும். ஞாபகம் என்னும் ஓவியன் ஏரியைத் தீட்டிய கையோடு அப்பட்டறையைத் துடைத்துவிட்டான். ஏரிக்கு வந்த கேட்டில் ஒரு பங்கு, என்னைப் படிக்க வைத்து விமானம் ஏற்றிய அதே தொழிலிலிருந்து வந்தது என்பதை அவன் தீட்டுவானா?

இவ்வேரியைப் படமெடுக்க ஒரு கலைஞர் வந்தால், பனையும் நாரையும் ஒரு திரையில், சாக்கடை மறு திரையில் என்று பாகப்பிரிவினை செய்யாமல், இரண்டிலும் ஷிப்ட் முடிந்த ஆலைச் சங்கு ஒலிக்கச் செய்யட்டும். அது இல்லாத அம்பத்தூரை நான் அம்பத்தூர் என்று ஒப்பமாட்டேன்.